தீவு நிறையக் கோழி: பிடித்துக் குழம்பு வைத்தால் தீர்ந்துவிடுமா?

அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டது: "மகன் எங்களை ஹவாயில் கவாயி தீவுக்கு அழைத்துப் போனான். விமான நிலைய வாசலில் கோழி, கார் நிறுத்துமிடத்தில் கோழி, கடற்கரையில் கோழி. எதுவும் யாருக்கும் சொந்தமில்லையாம். இதைக் குறைக்க வழி தெரியாமல் வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். நம்ம ஊராக இருந்தால் ஒரு ஆடி மாதம் போதாதா? பிடித்துக் குழம்பு வைத்தால் ஒரே வருஷத்தில் தீர்ந்துவிடாதா?"

ஜூன் 8

தீராது. கோழி விஷயம் என்பதால் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன். கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருந்தவன் நான். இப்போதும் கொளத்தூர் வீட்டு மொட்டை மாடியில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன்.

முதலில் அந்தக் கோழிகள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும். ஹவாய்த் தீவுகளுக்கு முதலில் குடியேறிய பாலினீசியர்கள் படகில் கொண்டு வந்தது சிவப்புக் காட்டுக்கோழி வகை. அதை அங்கே மோவா என்கிறார்கள். பின்னால் கரும்புத் தோட்டங்கள் வந்தபோது வீட்டுக்கோழியும் சண்டைச் சேவலும் வந்தன. 1982இல் இவா புயல், 1992இல் இனிகி புயல். கூண்டுகள் உடைந்து பறந்துபோன கோழிகள் காட்டுக்கோழியோடு கலந்துவிட்டன என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். 2015இல் வெளிவந்த மரபணு ஆய்வும் இவை இரண்டு வம்சமும் கலந்தவை என்றுதான் காட்டியது.

ஆனால் புயல் மட்டும் காரணமில்லை. 1883 முதல் கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்க ஹவாயின் வேறு சில தீவுகளில் கீரியைக் கொண்டு வந்து விட்டார்கள். கவாயியில் கீரி வேரூன்றவில்லை. கப்பலில் வந்த கீரி துறைமுகத் தொழிலாளி ஒருவர் கையைக் கடித்ததாகவும் அவர் கோபத்தில் கூண்டோடு கடலில் தூக்கிப் போட்டதாகவும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, கீரி இல்லாத ஊரில் தரையில் முட்டையிடும் பறவைக்குக் கொண்டாட்டம்தான்.

ஜூன் 8, இரவு

கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லி ஒருவர் எழுதியிருக்கிறார். போடலாம்.

நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒரு தடவைக்கு, பத்து முட்டை சுமாராக வைத்து அடை படுக்கும். 21 நாளில் பொரிக்கும். குஞ்சுகள் தனியாகப் பிரிய இரண்டு மாதம், வெடைக்கோழி (இளம் பெட்டை) முட்டை வைக்க ஐந்தாறு மாதம். ஒரு பெட்டைக்கு வருஷத்துக்கு நாலு குஞ்சு மட்டும் பெரிதாகிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். பத்துப் பெட்டைக்கு நாற்பது, அதில் பாதி பெட்டை. அடுத்த வருஷம் உங்களிடம் முப்பது பெட்டை. எண்ணிக்கை ஏறாமல் அப்படியே நிற்க வேண்டுமென்றாலே அந்த முப்பதில் இருபதைப் பிடித்தாக வேண்டும், அதுவும் ஒவ்வொரு வருஷமும். குறைய வேண்டுமென்றால் அதற்கு மேலும்.

இதில் இன்னொன்று. மனிதர்கள் பிடிப்பது எப்போதும் சேவலை. கூவித் தூக்கத்தைக் கெடுப்பது அதுதானே. ஒரு சேவல் பத்துப் பெட்டையைப் பார்த்துக்கொள்ளும். சேவலோடு இணைந்த பெட்டை அதற்குப் பிறகும் இரண்டு வாரம் வரை கரு உள்ள முட்டை வைக்கும். ஆகவே பத்துச் சேவலில் ஒன்பதைப் பிடித்தாலும் குஞ்சு குறையாது. குழம்புக்குப் போகிறவர்கள் பெட்டையைப் பிடித்தால்தான் ஏதோ கொஞ்சம் பயன்.

ஜூன் 10

"கறி கடினமாக இருக்குமா?" ஆமாம். அங்கே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு: பானையில் கோழியையும் ஒரு கல்லையும் சேர்த்துப் போட்டு வேகவை, கல் மெத்தென்று ஆனதும் கோழி தயார். நம்ம ஊரில் குக்கரில் ஏழெட்டு விசில் வைத்துச் சமாளிப்போம். அதற்காக ஒரு தீவையே சாப்பிட்டு முடிக்க முடியாது.

ஜூன் 13

வியாசர்பாடி நண்பர் ஒருவர், தன் தெருவில் அதிகாலை மூன்று மணிக்குக் கூவிக்கொண்டிருந்த சேவலைச் சொந்தக்காரரே விற்றுவிட்டார், மறுநாள் வேறொரு சேவல் அதே நேரத்துக்கு ஆரம்பித்துவிட்டது, இது என்ன மாயம் என்று கேட்டிருக்கிறார்.

மாயமில்லை. ஜப்பானில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். வெளிச்சம் பார்த்துக் கூவுவதல்ல அது. சேவலின் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது, விடிவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். கூட்டத்தில் ஆதிக்கம் செலுத்தும் சேவல் முதலில் கூவும், மற்றவை தங்கள் தர வரிசைப்படி தொடரும். அதை அகற்றினால் அடுத்த இடத்திலிருந்தது முதல் குரல் கொடுக்கும். உங்கள் தெருவில் நடந்தது இதுவே. சத்தம் பற்றிப் புகார் வந்ததும் ஒரு சேவலைப் பிடித்துப் போகிற ஊராட்சிகள் எல்லாம் இதில்தான் பணத்தைக் கொட்டுகின்றன.

ஜூன் 19

எங்கள் பக்கத்துக் காலி மனையைப் பற்றிச் சொல்லச் சொல்லி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். தீவு இல்லைதான், ஆனால் சுற்றிலும் மதில், மூன்று பக்கம் தெரு, உள்ளே சீமைக்கருவேலமும் ஒரு பெரிய வாதாமரமும். கோழிக்கு அது தீவு மாதிரிதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பகுதியில் தண்ணீர் நின்றது. தரையில் பஞ்சாரம் போட்டு வளர்த்தவர்கள் கோழிகளைத் திறந்துவிட்டார்கள், சிலர் வீட்டையே விட்டுப் போனார்கள். தண்ணீர் வடிந்ததும் ஆட்கள் திரும்பினார்கள், கோழிகள் திரும்பவில்லை. வாதாமரத்தில் அடைய ஆரம்பித்துவிட்டன. ஒரு கோடை முடிவதற்குள் குஞ்சும் குட்டியுமாக மனை நிறைந்தது. செடிகளைக் கிளறுகிறது என்று ஒரு வீடு, மாடிப்படியில் எச்சம் என்று ஒரு வீடு, குழந்தை தூங்கவில்லை என்று ஒரு வீடு. இன்னொரு பக்கம், பூரான் எல்லாம் போய்விட்டது, இருக்கட்டும் என்று சொன்னவர்களும் உண்டு. யாரோ மருந்து வைக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அது காதில் விழுந்த அன்றைக்குத்தான் நான் அதில் இறங்கினேன். மருந்து வைத்தால் கோழியோடு போகாது, அதைத் தின்னும் காகம், பூனை, நாய் எல்லாம் போகும்.

இறங்கிப் பார்த்ததில் முதலில் தெரிந்தது சாப்பாடு. மனையின் ஒரு மூலையில் பிரியாணிக் கடைக்காரர் மீந்த சோற்றைக் கொட்டுகிறார். இன்னொரு மூலையில் அரிசி மண்டியில் கூட்டித் தள்ளும் குப்பை, அதில் நொய். காலையில் எதிர் வீட்டு ஆயா ஒரு சொம்பு கம்பு. மூன்று வேளைச் சாப்பாடு கிடைக்கும் கோழி வருஷம் முழுக்க அடை படுக்கும். கடைக்காரரிடம் பேசினோம், மூடி போட்ட டிரம் வைத்தார். மண்டியிலும் சரி என்றார்கள். ஆயாவிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. "வாயில்லாத ஜீவன் தம்பி, அதுக்குப் போடறத நிறுத்தச் சொல்றியே, உனக்கு மனசு வருதா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. போடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் நடக்காது. கடைசியில் அவருக்குப் பிடித்த பெட்டைகளைப் பிடித்து அவர் வீட்டுப் பஞ்சாரத்திலேயே விட்டோம், அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் போடட்டும், முட்டையும் அவருக்கே.

மீதியை இரவில் பிடித்தோம். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. மரத்தில் அடைந்ததும் மங்கலான டார்ச்சோடு ஏறி, இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து அணைத்துத் தூக்கினால் கத்தக்கூடக் கத்தாது. பகலில் துரத்துவது கோழிக்கும் நமக்கும் வீண் வேதனை. பிடித்தவற்றுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து கொடுத்து, தனியாக வைத்துப் பார்த்து, திருவள்ளூர் பக்கம் தெரிந்த வீடுகளுக்கு அனுப்பினோம். பார்க்காமல் அனுப்பினால் ஒரு கிராமத்துக் கோழிகளையே கழிச்சல் வாரிக்கொண்டு போய்விடும்.

ஜூன் 20

"இவ்வளவு சிரமம் எதற்கு, முட்டையை எடுத்துவிட்டால் போதுமே" என்கிறார் ஒருவர். எடுத்துக்கொண்டே இருந்தால் கோழி வைத்துக்கொண்டே இருக்கும். முட்டைக்காகக் கோழி வளர்ப்பதே இந்தக் குணத்தை நம்பித்தான். அடையிலிருந்து முட்டையை முழுசாக எடுத்துவிட்டால், கொஞ்ச நாளில் வேறு புதரில் அடுத்த ஈடு தொடங்கும். அதை நீங்கள் கண்டுபிடிக்கவும் மாட்டீர்கள்.

செய்ய வேண்டியது, முட்டையை மாற்றுவது. நல்ல முட்டையை எடுத்துவிட்டு மர முட்டையோ பிளாஸ்டிக் முட்டையோ வைத்தால் கோழி அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும், உட்கார்ந்திருக்கும் வரை புதிதாக வைக்காது. அல்லது அடை படுத்த முதல் சில நாட்களுக்குள் ஓடு முழுக்க எண்ணெய் பூசிவிடலாம். ஓட்டில் உள்ள நுண்துளைகள் அடைபட்டுக் கரு வளராது. வெளிநாடுகளில் வாத்து, கடற்காக்கை முட்டைகளுக்கு மக்காச்சோள எண்ணெய் தடவிச் செய்கிறார்கள். கரு பாதிக்கு மேல் வளர்ந்த பிறகு இதைச் செய்யக்கூடாது, உயிர் துடிக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எந்தப் பருவம் என்று தெரிந்துவிடும்.

மனையில் இதையும் செய்தேன். புதருக்குள் அடைக்கோழியைத் தேடுவதுதான் வேலையே. காலையில் கோழி இரை எடுக்க ஓடி வந்து அவசரமாகத் தின்றுவிட்டுத் திரும்பும். அந்த அவசரத்தைப் பின்தொடர்ந்தால் அடை கிடைக்கும்.

ஜூன் 27

சாப்பாட்டைக் குறைப்பதுதான் முதல் வேலை என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் கோழி இல்லை, புறா. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் 1961 முதல் 1985 வரை ஒரு லட்சம் புறாக்கள் சுமாராகக் கொல்லப்பட்டன. நகரத்தில் இருந்தவை இருபதாயிரம் சுமார், கொன்ற பிறகும் இருபதாயிரம் சுமார். 1988இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தார் வேறு வழி எடுத்தார்கள். புறாவுக்கு இரை போடுவது புறாவுக்கே கெடுதல், நெரிசலில் நோயோடு வாழ்கிறது என்று ஊருக்கு எடுத்துச் சொன்னார்கள். கூடவே சில இடங்களில் புறாக்கூடுகள் அமைத்து முட்டைகளை அகற்றினார்கள். ஐம்பது மாதத்தில் எண்ணிப் பார்த்த கூட்டங்களில் புறாக்கள் 1,400இலிருந்து 708 ஆகக் குறைந்தன. ஒரு புறாவைக் கொன்றால் அதன் பங்கு இரை இன்னொரு குஞ்சைக் காப்பாற்றிவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம்.

இதைப் படித்த நாளிலிருந்து பிடிப்பதை மட்டும் நம்பும் எந்தத் திட்டத்திலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

ஜூன் 28

மனை விஷயத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. சாப்பாடு குறைந்ததும் சில கோழிகள் மதில் தாண்டிப் பின் தெருக் காய்கறிக் கடைகள் பக்கம் போய்விட்டன. அந்தத் தெருக்காரர்கள் எங்களிடம் சண்டைக்கு வந்தார்கள், நியாயம்தான். ஒரு மூலையை மட்டும் மூடினால் இப்படி ஆகும். தீவென்றால் தீவு முழுக்க ஒரே காலத்தில் செய்ய வேண்டும், ஒரு விடுதியோ ஒரு பேட்டையோ தனியாகச் செய்தால் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டதாகத்தான் முடியும்.

ஜூலை 2

நாய்க்குச் செய்வது போலக் கோழிக்கும் கு.க. (குடும்பக் கட்டுப்பாடு அறுவை) செய்தால் என்ன என்று கேட்டவருக்கு.

நாய்க்கு வேறு உடலமைப்பு. சேவலின் விரைகள் வயிற்றுக்குள்ளே முதுகெலும்பை ஒட்டி, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பக்கத்திலேயே பெரிய ரத்தக் குழாய். இரண்டு மாதக் குஞ்சுப் பருவத்தில் விலாவில் கீறிச் செய்வார்கள், கொஞ்சம் திசு மீந்தாலும் திரும்ப வளர்ந்துவிடும். மரத்தில் அடையும் வளர்ந்த சேவலுக்கு அதைச் செய்வது கொடுமை. செய்தாலும் மேலே சொன்ன கணக்குப்படி பயன் இல்லை.

மருந்து ஒன்று உண்டு, நிகார்பசின். கறிக்கோழிக்கு ரத்தக் கழிச்சல் வராமலிருக்கத் தீவனத்தில் சேர்க்கும் மருந்துதான். முட்டைக்கோழி தின்றால் முட்டை பொரிக்காது என்று தெரிந்த பிறகு புறாக்களுக்குக் கருத்தடையாகப் பயன்படுத்துகிறார்கள், பார்சிலோனாவில் செய்தார்கள். மஞ்சள் கருவுக்கும் வெள்ளைக் கருவுக்கும் நடுவில் உள்ள சவ்வு கெட்டுப்போகும். ஆனால் விடாமல் தின்ன வேண்டும், நிறுத்தினால் சில நாளில் பழையபடி ஆகிவிடும். தீவில் உள்ள மற்றப் பறவையும் அதைத் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆள் நின்று போட முடிந்த இடத்துக்கு மட்டும் இது சரி.

ஜூலை 9

சிங்கப்பூரில் இருக்கும் வாசகர், "எங்கள் ஊரிலும் நடந்ததே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்" என்கிறார். விடவில்லை, சொல்லத்தான் இருந்தேன். 2017 தொடக்கத்தில் சின் மிங் குடியிருப்பில் திரிந்த 24 கோழிகளைக் கொன்றார்கள். முந்தைய வருஷம் சத்தம் பற்றி வந்த புகார்கள் இருபது சொச்சம். விஷயம் வெளியே வந்ததும் ஊரே கொந்தளித்தது. இருபது பேருக்காக இருபத்துநாலு உயிரா என்று கேட்டார்கள். அதோடு சிங்கப்பூரில் சிவப்புக் காட்டுக்கோழி அருகிவரும் பறவை, உபின் தீவிலும் வேறு சில இடங்களிலும் இருக்கிறது. திரிகிற கோழி வீட்டுக்கோழியா, காட்டுக்கோழியா, கலப்பா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வது எளிதில்லை.

அந்தக் கொந்தளிப்பு எனக்கு நல்லதாகவே படுகிறது. 2020இல் அங்கே வனவுயிர்களுக்கு இரை போடுவதற்குச் சட்டத்தில் பெரிய அபராதம் வைத்தார்கள், முதல் முறைக்கே ஐயாயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை. அபராதம் மட்டும் போதாது, ஆயா மாதிரி மனிதர்களிடம் உட்கார்ந்து பேசவும் ஆள் வேண்டும்.

ஜூலை 11

செலவைப் பற்றி. அதே ஹவாயில் உள்ள ஹொனலூலு நகரம் சோதனை முயற்சியாகக் கோழி பிடித்ததில் 67 கோழிக்கு ஏழாயிரம் டாலர் ஆயிற்று, ஒரு கோழிக்கு நூறு டாலருக்கு மேல். புளோரிடாவில் கீ வெஸ்ட் என்று ஒரு சின்னத் தீவு நகரம். 2004இல் கோழி பிடிப்பதற்கென்றே ஒருவரை அமர்த்தினார்கள், கோழி வேண்டும் என்பவர்களுக்கும் வேண்டாம் என்பவர்களுக்கும் நடந்த சண்டையில் அது நீடிக்கவில்லை. இப்போது பிடிபடும் கோழிகளை அங்குள்ள வனவுயிர் மையம் வாங்கித் பெருநிலப்பரப்பில் உள்ள பண்ணைகளுக்குத் தத்துக் கொடுக்கிறது. 2021இல் கோழிக்கு இரை போடத் தடையும் வந்தது. பிடிப்பதில் தொடங்கி இரைக்கு வந்து சேர இத்தனை வருஷம்.

ஜூலை 12

ஆமாம், தீவுத்திடலில் கோழி விட்டால் என்ன ஆகும் என்று கேட்டவருக்கு: பொருட்காட்சி முடிவதற்குள் ஒன்று மிஞ்சாது.

ஜூலை 20

கொல்வதே தப்பு என்று நான் சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். தரையில் கூடு கட்டும் பறவைகளும், வேறெங்கும் இல்லாத செடிகளும் உள்ள சின்னத் தீவில், கோழி ஒவ்வொரு முளையையும் கிளறிப் போடுகிறதென்றால், அங்கே கோழியை முழுசாக அகற்றத்தான் வேண்டும். எல்லாவற்றுக்கும் வீடு தேடித் தர முடியாது. அப்போது கொல்வதென்றால் பழகிய கையால் சட்டென்று முடிக்க வேண்டும். காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, வெயிலில் சாக்கில் போட்டு வைத்து, ராத்திரி வரை தாகத்தில் விட்டுக் கொல்வதை நம் சந்தைகளில் பார்த்துப் பார்த்து நமக்கு உறைப்பதே இல்லை. எனக்கு உறைக்கிறது. அந்தக் கோழி கேட்டு வரவில்லை, படகில் ஏற்றியது நாம், கூண்டு செய்தது நாம்.

அதே மூச்சில் ஒன்று. சென்னையில் தெருத் தெருவாகக் கலர் கோழிக்குஞ்சு விற்கிறார்களே, அது பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைகள் கழித்துக் கட்டும் ஆண்குஞ்சு. சாயத்தில் முக்கி, குழந்தை கையில் கொடுத்து, இரண்டு நாளில் செத்துப்போகிறது. தப்பிப் பிழைப்பதைப் பெற்றோர் எங்காவது திறந்துவிடுகிறார்கள். முருகன் கோயில்களில் நேர்ந்துவிடும் சேவலுக்கும் சில இடங்களில் இதே கதி. விடுவதற்கு முன்னால் அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு விடலாம்.

ஜூலை 23

ஒருவர் கேட்டதற்காக இது, தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகிப்போகிறது. நம் மலைகளில் உள்ள சாம்பல் காட்டுக்கோழியும் வீட்டுக்கோழிக்கு உறவுதான். வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி, ஆனால் கோழியின் கால்களில் பார்க்கிற அந்த மஞ்சள் தோல் நிறத்துக்கான மரபணு தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று 2008இல் கண்டுபிடித்தார்கள். கடைத் தட்டில் கிடக்கும் மஞ்சள் காலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மேற்குத் தொடர்ச்சி மலை நினைவுக்கு வருகிறது. அந்தப் பறவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. காட்டோரத்தில் வீட்டுக்கோழியை அவிழ்த்துவிடக் கூடாது என்று நான் சொல்வதற்கு நோய் ஒரு காரணம், இந்தக் கலப்பு இன்னொரு காரணம்.

ஆகஸ்ட் 3

மாலத்தீவில் ஒரு விடுதியில் வேலை பார்க்கும் நம்மூர்த் தம்பி எழுதியிருக்கிறார். விடுதித் தீவில் கோழி பெருகிவிட்டது, முதலாளி கூண்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார், ஒன்றுகூட உள்ளே போகவில்லை, என்ன செய்வது?

தம்பி, கூண்டை வைத்த அன்றைக்கே பிடிக்கப் பார்க்காதீர்கள். கதவை மேலே தூக்கிக் கயிற்றால் கட்டிவிட்டு, கோழிகள் வழக்கமாக மேயும் இடத்தில் நிழலில் வையுங்கள். முதலில் கூண்டுக்கு வெளியே, அப்புறம் வாசலில், அப்புறம் உள்ளே என்று இரையை நகர்த்திக்கொண்டே போங்கள். சமையல்கட்டுக் கழிவை அதற்கு முன்பே மூடி வைத்தாக வேண்டும். வெளியே சோறு கிடைக்கும்போது எந்தக் கோழி கூண்டுக்குள் வரும்? கூட்டமாக உள்ளே போய் நிம்மதியாகத் தின்ன ஆரம்பித்த பிறகுதான் கதவை விட வேண்டும், அதுவும் பெட்டைகள் உள்ளே இருக்கும்போது. ஒன்று இரண்டுக்காக அவசரப்பட்டால் மீதிக் கோழிகள் பார்த்துவிடும், பிறகு அந்தக் கூண்டுப் பக்கமே வராது. மாட்டியதும் மேலே சாக்கைப் போட்டு மூடுங்கள், இருட்டில் அடங்கிவிடும். கூண்டுக்குள் தண்ணீர் வைக்க மறக்க வேண்டாம், அங்கே வெயில் கடுமை. பிடித்ததை எங்கே அனுப்பப் போகிறீர்கள் என்பதை முதலாளியிடம் முன்னாடியே கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். அடை கண்டுபிடித்தால் ஜூன் 20 குறிப்பில் உள்ளபடி செய்யுங்கள், என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.